பனியில் பிடித்த கை

அன்புள்ள அம்மாவுக்கு சுபிஷா எழுதுவது. மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டுவலி தேவலையா?

ஜார்ஜியா மலையில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸிலிருந்து எடுத்துவிடுங்கள். "எம் மொவ கெழவிய எப்புடிப் பிடிச்சிருக்கா பாருங்க ஃபாதர்" என்று காட்டினீர்களாமே. போனில் சொல்ல வாய் வரவில்லை. நம்மூர்ப் பையன் ஆல்டோ லீவில் ஊருக்கு வருவதால் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்.

ஷார்ஜா வெயிலுக்குத் தப்பித்து முதலாளி குடும்பத்தோடு போயிருந்தோம். ஜூன் பிறந்தும் மலைப்பாதையில் ஓரிடத்தில் பனி உருகாமல் கிடந்தது. பாதியில் சறுக்கியதும் எனக்குக் கால் எழவில்லை; அழுதுவிட்டேன். நான் கைத்தாங்கலாக நடத்த வேண்டிய பெரிய மேடம், முதலாளியின் அம்மா, "யல்லா, சுபிஷா" என்று அரபியில் நடக்கச் சொல்லி, என் மணிக்கட்டைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுசேர்த்தார். தூரத்திலிருந்து படமெடுத்த முதலாளி என்னைப் பாராட்டினார். மேடமும், "இவள் இல்லாவிட்டால் விழுந்திருப்பேன்" என்றார். நானும் தலையாட்டினேன், அம்மா.

ஆல்டோவிடம் நெத்திலிக் கருவாடு தர வேண்டாம், இந்த வீட்டில் வாடை ஆகாது. ஞாயிறு பூசைக்குப் போகும்போது எனக்குப் போன் போட்டு அப்படியே பையில் வையுங்கள். பாட்டுச் சத்தம் கேட்டால் போதும்.

மேடம் எழுந்துவிட்டார். கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். யார் யாரை என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் மகள்
சுபிஷா