அம்மா மடியில் இருந்த பட்டியல்

கென்டக்கி,
மே 24

அன்பு மகள் மார்லாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் நாயும் சௌக்கியம். உன் அம்மாவும் சௌக்கியம்தான், என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். விஸ்கான்சினில் இன்னும் குளிர் விடவில்லையாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

சிறை அதிகாரி பதவிக்கு நின்று அம்மா மூன்று ஓட்டில் தோற்றது உனக்குத் தெரியும். அதே சிறையில் பத்தொன்பது வருஷம் சமைத்துப் போட்டவள், கைதிகள் பயப்படுவதே அவள் கரண்டிக்குத்தான். நவம்பரில் இங்கே எதிர்த்து நிற்க ஒரு டெமாக்ரட்டும் கிடையாது, அதனால் மே மாதம் ரிபப்ளிக்கன் கட்சிக்குள் நடக்கும் பிரைமரியில் ஜெயிப்பவர்தான் அதிகாரி. உங்கள் ஊரில் மறைப்புக்குள் போன பிறகுகூட எந்தக் கட்சிப் பக்கம் குறி போடலாம் என்று யோசிக்கலாம், கேட்பாரில்லை. இங்கே வாக்காளர் பதிவேட்டில் நம் பெயருக்கு நேரே என்ன கட்சியோ அந்தக் கட்சியின் வாக்குச் சீட்டுதான் கையில் வரும். மாற நினைத்தால் முந்தின டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் மாறிவிட வேண்டும், புத்தாண்டன்று ஞானோதயம் வந்து பிரயோஜனமில்லை.

நானோ உன் தாத்தா வழியில் பதிவேட்டில் டெமாக்ரட். நவம்பரில் யாருக்குப் போடுகிறேன் என்பது வேறு விஷயம். "எனக்காக ஒரு தடவை மாறித் தொலையேன்யா" என்று அம்மா டிசம்பரில் சொன்னாள். போனேன். கட்சிப் பதிவும் வண்டி வரியும் ஒன்றாகப் பார்க்கும் அலுவலக வாசலில் காலைக் காப்பிக் கூட்டாளி ஓரிஸ் நின்றுகொண்டு, "என்னடா டெல்பர்ட், பொண்டாட்டி சொன்னா அப்பன் கட்சியையும் கழட்டி வெச்சிடுவியா?" என்று பல்லைக் காட்டினான். வண்டி வரி கட்ட வந்தேன் என்று வரியைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் மாற்றியாச்சு என்றேன். பிறகு நாலு மாதம் நான்தான் வண்டி ஓட்டினேன். ரிபப்ளிக்கன் வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு வந்து அம்மா வீடு வீடாகக் கதவு தட்டினாள், நான் வண்டியில் உட்கார்ந்து வறுத்த கோழி தின்றேன். தேர்தலன்று வாக்குச்சாவடி மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் டெமாக்ரட் சீட்டை நீட்டினாள். அதில் அம்மா பெயர் எங்கே இருக்கும்? யாருக்கோ குறி போட்டுவிட்டு, 'வாக்களித்தேன்' ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள், "எனக்கு ஜனவரியிலேயே தெரியும்யா. பட்டியல்ல நம்ம வீட்டுக்கு என் பேரு ஒண்ணுதான் இருந்துச்சு. உன் ஒரு ஓட்டு விழுந்திருந்தாலும் தோத்துத்தான் போயிருப்பேன், அதுக்கு நான் அழல. இப்ப சொல்லுவான், இப்ப சொல்லுவான்னு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் வண்டிய விட்டு மெதுவா எறங்கினேன்." அதற்கப்புறம் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, மகளே.

நேற்று ஓரிஸ் கண்ணெதிரே போய்க் கட்சி மாற்றிவிட்டேன். அந்தப் பதவிக்கு அடுத்த தேர்தல் நாலு வருஷம் கழித்துத்தான். காகிதத்தைச் சமையல் மேஜையில் வைத்தேன், இரண்டு பக்கமும் படித்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டாள்.

நீ நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு. கார் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்ற மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டு, மறுபடி நிற்பாளா என்று கேள். நான் கேட்கும் நிலையில் இல்லை.

உன் அப்பா,
டெல்பர்ட்