கழுதைக்குப் பின்னால் நடப்பவர்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே இருவரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டிவலி, எனக்கு அம்மா, மற்றபடி குறையில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

நீ கிளம்புமுன் வாங்கிக் கூடத்தில் மாட்டிவிட்டுப் போன பென்சில் படத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். நூற்றைம்பது வருஷத்துப் படம், பத்திரம் என்றாய். இதில் என்ன இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன், தினமும் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்ததில் கண் திறந்துவிட்டது. குழந்தை இயேசுவைக் காப்பாற்ற மாதா கழுதைமேல் வேறு தேசம் போகிறாள், அவள் முக்காட்டு மடிப்பு ஒவ்வொன்றையும் வரைந்தவன் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து எப்படித் தேய்த்திருக்கிறான், நாற்பது வருஷம் வீட்டு பிளான் போட்ட என் கைக்கு அது வராது. கழுதையின் காதில்கூட மயிர் இருக்கிறது. பின்னால் நடக்கிற சூசையப்பருக்கு மட்டும் முகமே இல்லை, முட்டை மாதிரி ஒரு கோடு. கழுதைக்குக் கிடைத்த மரியாதை தகப்பனுக்கு இல்லை.

அரைகுறை வேலையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது, உனக்கே தெரியும். போன மாதம் தூசி துடைக்கச் சட்டத்தைக் கழற்றியவன், பென்சிலைச் சீவி, அலமாரியின் முகம் பார்க்கும் கண்ணாடியை மாதிரிக்கு வைத்துக்கொண்டு, அவருக்குக் கண்ணும் மூக்கும் வரைந்துவிட்டேன். பிரமாதம் என்று நானே பாராட்டிக்கொண்டேன். கண்காட்சிக்கு எடுத்துப்போக நீ ஏற்பாடு செய்த அருங்காட்சியகத்து அம்மாள் புதன்கிழமை வந்தாள். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இந்த முகம் மட்டும் வேற கை, மூக்குல கண்ணாடி போட்ட தழும்புகூட இருக்கே என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். உன் அம்மா விடுவாளா, வேற யாரு, இதோ உக்காந்திருக்காரே என்று சொல்லிவிட்டாள். வந்தவள் படத்தை எடுக்காமலே போய்விட்டாள். நீ அவ்வளவு ஆசையாகக் காத்திருந்தாய், கெடுத்தது நான்தான், மன்னித்துவிடு.

தாளுக்குச் சேதமில்லாமல் அழிக்கிற ஆள் இருக்கிறாராம், அழித்துவிட்டால் அடுத்த கண்காட்சிக்கு எடுத்துக்கொள்வார்களாம். உன் படம், நீ சொல்கிறபடி செய்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை தூர தேசம் போனபோது அந்த மனுஷர் கூடவே நடந்து போனார், நான் விமான நிலையத்துக் கதவு வரைதான் வந்தேன். அந்தப் பொறாமைதான் கையைப் பிடித்து இழுத்தது.

நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும். குளிரில் தலையை ஈரமாக விடாதே. அழிக்கச் சொல்வதானால் அம்மாவிடம் போனில் சொல்லாமல் எனக்கே எழுது.

உன் அப்பா