பாலத்தில் நிற்கும் நாலு பேர்

சீனி,

உன்னுடைய அந்த நாலு பேரும் இப்போது என் குசினி மேசையில் கிடக்கிறார்கள். இசைத்தட்டு மட்டையில், பாலத்தில் நிற்கிற நாலு பேர். கழுத்துக்கு ரை கட்டி, தலையைப் படிய வாரி, துணிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மைகள் மாதிரி. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் முகத்தில் ஒரு மாற்றமும் வராது.

மட்டையை மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். ஈரம் பிடித்துக் காய்ந்த கடதாசி மணம். ஒரு காலத்தில் எங்கள் ஹோல் முழுக்க இந்த மணம்தான். "எடேய், இந்த வீட்டுக்கை மனிசர் இருக்கிறதோ, உன்ரை மட்டையள் இருக்கிறதோ?" என்று நான் கத்துவேன். இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அழுகை பிறகுதான். அது உனக்குத் தெரிந்ததுதானே.

நீ ஜேர்மனியிலிருந்து ரொறொன்ரோவில் வந்து இறங்கின நாளை நினைத்தால் இப்பவும் எனக்கு எரிச்சல் வரும். நாலு வருடம் அகதி விடுதியில் இருந்துவிட்டு வருகிறாய். உன் அத்தான் உன் பெட்டியைக் காரில் தூக்கி வைக்க நாரியைப் பிடித்துக்கொண்டார். தம்பி எங்கள் பிள்ளை வாணிக்கு என்னமோ கொண்டு வந்திருக்கிறான் என்று நானும் ஆசையோடு திறக்கிறேன். இரண்டு காற்சட்டை, ஒரு சுவெற்றர். அதற்குள் குழந்தையைப் பொதிந்த மாதிரி ஐந்து இசைத்தட்டு.

"ஒரு சொக்கிலேற்றாவது வாங்கத் தெரியேல்லையோடா?"

"அக்கா, உந்த ஜேர்மன் பாட்டுக்காரரைப் போலை ஒருத்தரும் இல்லை. மெஷினாலை பாட்டுச் செய்யலாம் எண்டு உலகத்துக்குக் காட்டினதே உவைதான்."

"மெஷின் பாடினால் உவைக்கு என்ன வேலை?"

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. சமைத்து வைத்த கணவாய்க் கறி ஆறிக்கொண்டிருந்தது.

டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி, இரண்டு அறை வீடு. ஹோலில் சோபாவுக்குப் பின்னால் உன் மெத்தை. மெத்தைக்குப் பக்கத்தில் நீயே பலகை வாங்கி அடித்த தட்டுமாடம். வேலை கிடைத்து முதல் செய்த காரியம், அதே ஐந்து தட்டையும் திரும்ப வாங்கினது. எல்லாரும் சீடிக்கு மாறின காலம், பழைய தட்டுகளைச் சனங்கள் கொண்டுபோய்த் தள்ளினார்கள், நீ அள்ளிக்கொண்டு வந்தாய். அதே படம், அதே பாட்டு, அதே நாலு பேர்.

"ஏனடா ஒண்டையே ரெண்டு தரம் வாங்கிறாய்?"

"அது ஜேர்மன், இது இங்கிலிஷ். ஒவ்வொரு றெக்கோட்டையும் ரெண்டு பாஷையிலையும் போட்டிருக்கினம் அக்கா."

"உனக்கு எது விளங்கும்?"

"ரெண்டும் விளங்கும்."

"அப்ப ஒண்டு காணும்தானே?"

பிறகு எங்கள் உடுப்பு அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு பெரிய பேப்பர் ஒட்டினாய். அவர்கள் போட்ட தட்டுகள் எல்லாம், வருட வரிசையில். நான் சேலை எடுக்கப் போனாலும் உன் நாலு பேரைத் தாண்டித்தான் போக வேண்டும். தொடக்கத்தில் போட்ட மூன்று தட்டுகளுக்குச் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தாய். ஏன் என்று கேட்டேன். அவற்றை அவர்களே இப்போது தங்களுடையவை என்று சொல்வதில்லையாம், திரும்பப் போடுவதுமில்லையாம். "பெத்ததை இல்லையெண்டு சொல்லுற ஆக்களோ?" என்று கேட்டேன். அதற்கும் சிரிப்பு.

கடைசியில் ஒன்று வந்தது. நீ லீவு எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தாய். போட்டுக் கேட்டால் பழைய பாட்டுகள்தான். புது மெஷினில் திரும்பச் செய்திருக்கிறார்களாம். "பழங்கறியைச் சூடாக்கித் தந்தாலும் வாங்குவியோ?" என்றேன். "புதுசு வரும் அக்கா, செய்துகொண்டிருக்கினம்," என்றாய். பேப்பரின் அடியில் ஒரு வெறுங்கோடு கீறி வைத்தாய், அந்தப் புதுசுக்கு. மாதத்துக்கு ஒரு முறை கடைக்குப் போய் வந்துவிட்டதா என்று கேட்பாய். வராது. அடுத்த மாதமும் போவாய். எத்தனை வருடம்! அந்தக் கோடு இப்பவும் வெறுமையாகத்தான் இருக்கிறது. சனத்தைக் காக்க வைக்கிறோம் என்கிற யோசனை அந்த மனிசருக்கு இல்லையோ என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சரி. நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சுற்றிச் சுற்றி வருகிறேன்.

தைப்பொங்கலுக்கு முதல் வீடு கழுவித் துப்புரவாக்குகிறது எங்கள் வழக்கம். வெளியே பனி முழங்கால் அளவு கிடந்தாலும் எனக்கு அது செய்யாவிட்டால் பொங்கல் பொங்கலாக இராது. பழையது, உடைந்தது, இரட்டையாகக் கிடப்பது எல்லாம் வீட்டை விட்டுப் போக வேண்டும். நீ வேலைக்குப் போயிருந்தாய். உன் மாடத்துக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து ஐந்து சோடியையும் பிரித்தேன். இங்கிலிஷ் எழுத்தும் ஜேர்மன் எழுத்தும் எனக்கு ஒன்றுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இரண்டும் கோழி கிண்டின மாதிரித்தான். சோடியில் ஒன்று மினுங்கிக்கொண்டு புதிதாக இருந்தது. மற்றது மூலை மடிந்து, பின்பக்க மட்டையில், அடியில் வலது மூலையில், நீலப் பேனையால் "சீ" என்று கிறுக்கினது. அது ஒன்றுதான் அந்த மட்டைகளில் எனக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து. அப்படியிருந்தும் நான் என்ன யோசித்தேன்? கிறுக்கினது போகட்டும், நல்லது இருக்கட்டும் என்று யோசித்தேன். கென்னடி வீதியில் இருந்த பழைய சாமான் கடைக்கு, பழைய திரைச்சீலையோடும் பிடி உடைந்த சட்டியோடும் ஐந்தையும் கொண்டுபோய்க் குடுத்துவிட்டு வந்து, மாடத்தைத் துடைத்து விபூதியும் பூசினேன்.

நீ வந்தாய். சப்பாத்துக் கழற்றாமல் மாடத்தைப் பார்த்தாய்.

"அக்கா, ஜேர்மன் எங்கை?"

"ஊத்தையாக் கிடந்ததுகளைக் குடுத்திட்டன். நல்லது எல்லாம் இருக்கு, பார்."

நீ கத்தியிருக்கலாம். நான் திருப்பிக் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். நீ ஒன்றும் சொல்லாமல் திரும்பி லிஃப்டுக்குப் போனாய். நான் பின்னால் நின்று, "ஒரு மட்டைக்கு இந்தப் பாடோ! பொங்கலும் அதுவுமா!" என்று பதினோராம் மாடி முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டேன். கடை பூட்டியிருந்ததாம். அடுத்த நாள் போனால் தட்டு வாங்கி விற்கிற ஒருவன் அள்ளிக்கொண்டு போய்விட்டானாம். பொங்கலன்று நீ ஒரு கரண்டி சோறு தின்றாய். எனக்கு அதற்கும் கோபம் வந்தது.

பிறகு சனிக்கிழமைகளில் உன் தேடல். பஸ், சப்வே, ஸ்ரீட்கார். டவுன்ரவுனில் பழைய தட்டு விற்கிற கடை ஒன்று விடாமல். முதலாவது அந்த மாசியிலேயே கிடைத்தது, மூலையில் "சீ"யோடு. இரண்டு வருடத்தில் நாலு வந்து சேர்ந்தது. பாலத்தில் நிற்கிறது மட்டும் கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். ஞாபகம் இருக்கிறதா? குளிர், எனக்குக் கால் நோவு, ஒரு கடையில் இருக்கக் கதிரை இல்லை. நாலாவது அன்றைக்குத்தான் கிடைத்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய். நான் வழக்கம்போலத் தொடங்கினேன்.

"சொல்லன், அப்பிடி என்னதான் கிடக்கு உதுக்குள்ளை?"

நீ யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். விடுதியில் ஒரு அறையில் எட்டுப் பேர். எல்லாருடைய சாமானும் கலந்து போகும், அதனால்தான் அடையாளம் போட்டது. பாஷை படிக்க வகுப்பு இல்லை. கந்தோரிலும் கடையிலும் சனம் படபடவென்று பேசும், ஒன்றும் பிடிபடாது. இந்த நாலு பேர் மட்டும்தான் பாட்டில் ஒரு சொல்லைச் சொல்லி, நிறுத்தி, திரும்பவும் அதையே சொன்னார்களாம்.

"எனக்கு ஆறுதலாச் சொல்லித்தந்தது உவை நாலு பேரும்தான், அக்கா. வேறை ஒருத்தருக்கும் நேரமில்லை."

அந்த இடத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். பிழை செய்துவிட்டேனடா என்று. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது, "அப்ப எனக்கும் சொல்லித்தா, பாப்பம்," என்றுதான். நீ விரல் மடித்து நாலு வரைக்கும் எண்ணச் சொல்லித்தந்தாய். ஐன்ஸ், ஸ்வை, த்றை, ஃபியர். என் வாயில் வந்ததைக் கேட்டு முன் சீற்றுக் கிழவி திரும்பிப் பார்த்தாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதற்குள் எங்கள் தரிப்பு வந்துவிட்டது, இறங்கிவிட்டோம்.

இன்றைக்கும் நான் அரிசி அளக்கும்போது அப்படித்தான் எண்ணுகிறேன், சீனி. வாணி, "அம்மா, வை ஆர் யூ கவுண்டிங் லைக் தாற்?" என்று கேட்பாள். "உன்ரை மாமாவைக் கேள்," என்று வாய் தவறிச் சொல்லிவிடுவேன். நாலு சுண்டுக்கு மேல் எனக்கு எண்ணத் தெரியாது. இப்போது வீட்டில் மூன்று பேருக்கு நாலு சுண்டு எதற்கு? ஆனாலும் அளக்கிறேன், சோறு மிஞ்சுகிறது, எனக்கே என்னில் எரிச்சல் வருகிறது.

நீ போவதற்கு முந்தின மாதம், "பாலத்தைத் தேடேல்லையோடா?" என்று கேட்டேன். "விட்டிட்டன் அக்கா," என்றாய். அவ்வளவுதான். மனம் ஆறி விட்டாயா, களைத்து விட்டாயா, நான் கேட்கவில்லை. அடுத்த மாதம், மாசியில், வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாய். முப்பத்தாறு வயது. சூப்பர்வைசர் போன் எடுத்து ஏன் வரவில்லை என்று கேட்டபோது, நான் உன்னைத்தான் திட்டினேன், எங்கே போய்த் தட்டுக் கிண்டிக்கொண்டு நிற்கிறானோ என்று. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு தேடினது நான். இங்கிலிஷ் மட்டையைப் பார்த்து அந்தப் பாலத்தை ஒரு காட்போட் துண்டில் என்னால் முடிந்த மாதிரிக் கீறி, வாணியிடம் சொல்லி ஜேர்மன் பேரையும் அடியில் எழுதுவித்து, கைப்பையில் கொண்டு திரிகிறேன். கடைகளில் அதைக் காட்டுவேன். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இன்று உன் ஆட்டைத் திவசத்துக்கு ஐயரிடம் நாள் கேட்க றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனோம், வாணியும் நானும். வரும் வழியில் பஸ் மாறுகிற இடத்தில் ஒரு சின்னக் கடை. நரைத்த குடுமி வைத்த வெள்ளைக்காரர். காட்போட் துண்டைக் காட்டினேன். ஒரு பெட்டிக்குள் கையை விட்டு எடுத்தார், சீனி. கடையில் உப்பு எடுத்துத் தருகிற மாதிரி எடுத்துத் தந்தார். வாணி வாசித்துப் பார்த்து, "அம்மா, இது ஜேர்மன் வெர்ஷன்தான்," என்றாள்.

"டூ யூ லைக் தெம்?" என்று அவர் கேட்டார்.

"நோ," என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

பின்பக்கத்தைத் திருப்பினேன். அடியில், வலது மூலையில், சரியாக அந்த இடத்தில், கடைக்காரனின் ஸ்ரிக்கர். பெரிய ரொறொன்ரோ, எத்தனை மூலை இருக்கிறது மட்டைக்கு, அவனுக்கு ஒட்ட வேறு இடம் கிடைக்கவில்லை!

வீட்டுக்கு வந்ததும் கேத்தலை வைத்தேன், ஆவி பிடித்து உரிக்கலாம் என்று. "அம்மா, ப்ளீஸ், பொறுங்கோ, நான் ஹெயார் ட்ரையராலை எடுக்கிறன்," என்று வாணி அறைக்குள் ஓடினாள். அவள் வருகிற வரைக்கும் நான் நின்றிருக்க வேண்டும். நான் எப்போது நின்றேன்? நகத்தைக் குடுத்து இழுத்தேன். ஸ்ரிக்கரோடு மட்டையின் மேல்தோலும் வந்துவிட்டது. மூலையில் வெள்ளைப் பஞ்சு மாதிரிக் கடதாசிதான் மிச்சம். ஸ்ரிக்கரைத் திருப்பி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பசையில் நீலமாக ஏதோ ஒரு இழை இருக்கிறது. உன் பேனையாக இருக்கலாம். பாலத்துக்குக் கீழே ஓடுகிற ஆற்றின் நீலமாகவும் இருக்கலாம், அந்தப் படம் பின்பக்கமும் சுற்றிப் போகிறது. வாணி ட்ரையரோடு வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. உன்னை மாதிரியே.

இப்போது எழும்பிப் போய் மற்ற நாலுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். ஐந்தும் நிற்கின்றன. திவசத்தன்று உன் படத்துக்கு முன்னால் கணவாய்க் கறி வைக்க ஐயர் விடமாட்டார், இதை வைக்கப் போகிறேன், யார் என்ன சொன்னாலும் வைப்பேன். பிழை செய்துவிட்டேனடா என்று அப்போது உரத்துச் சொல்லவும் வேண்டும். அதற்கு முதல் எனக்கு ஒன்று தெரிய வேண்டும்.

சீனி, இது உன்னுடையதுதானா?