ஏழையும் எழுதியவள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இடைத்தேர்வில் வேதியியல் மதிப்பெண் சறுக்கிய காரணம் தெரிந்துவிட்டது. ஏழு கேள்விகளில் ஐந்துக்கு எழுதினால் போதுமாம். உங்கள் மகள் விடுவாளா? ஏழையும் அரைகுறையாக எழுதிவைத்தேன். டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பல்கலைக்கழக விண்ணப்பத்துல இந்த மார்க்கும் போகும். ஆனா கடைசித் தேர்வுல நீ எவ்வளவு எடுப்பேன்னு நான் முன்கூட்டியே கணிச்சு எழுதுறதைத்தான் முக்கியமா பாப்பாங்க. நல்லாவே எழுதுறேன், என் வார்த்தையைக் காப்பாத்திடு," என்றார்.

மதிப்பெண் வந்த அன்று போனில் திட்டாமல், "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டீர்களே, அதனால்தான் மறுநாளே புத்தகத்தைத் திறந்தேன்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. உங்கள் பழைய கைக்கடிகாரத்தை அனுப்புங்களேன். அது நின்றுபோனதுதான், தெரியும். நேரம் பார்க்கத் தேர்வறைச் சுவரில் கடிகாரம் இருக்கிறது. உங்களுடையது என் கையில் இருந்தால் போதும்.

உங்கள் மகள்