தாழ்ப்பாள்களைக் கழற்றியவர்

அன்புள்ள ரேடியோவுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நாலாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனை எடுத்தால் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன். கல்லூரியில் உனக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. இதை நீ குறுக்கே புகாமல் முழுசாகக் கேட்க வேண்டும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவள் புரண்டு அழுவதற்குள் எழுதி முடித்துவிடப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் ஓர் அறையில் குடியிருக்கும் உன் அப்பாவால் தொந்தரவு ஏதாவது உண்டா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். அதெல்லாம் ஒன்றுமில்லை, தங்கமான மனுஷர் என்றே நானும் சொல்லி வந்தேன். தங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் தங்கத்தை வாடகைக்கு வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது.

வந்த புதிதில் கேஸ் ரெகுலேட்டரில் ஆரம்பித்தது. நான் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் பாப்பாவின் துணியை மாற்றப் போவேன். திரும்பி வந்தால் அடுப்பு அணைந்திருக்கும், சிலிண்டர் மூடியிருக்கும். அடுப்படியில் ஆள் இல்லாமல் நெருப்பு எதற்கு என்பார். அடுத்து ஃப்ரிட்ஜ். ஒயர் சூடாக இருந்ததாம், பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டார். பாப்பாவுக்கு வைத்திருந்த பால் அத்தனையும் கெட்டுப் போனது. தீயணைப்பு வண்டியிலேயே காலத்தைக் கழித்த மனுஷர், பழக்கம் விடவில்லை என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், வீட்டில் ஒரு கதவுக்கும் உள்தாழ்ப்பாள் இல்லை. குளியலறை, எங்கள் படுக்கையறை, அவருடைய அறை, எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவரால் கழற்றித் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, எது எந்தக் கதவுக்கு என்று மேலே எழுதியும் வைத்திருந்தார். வாசல் கதவை மட்டும் விட்டு வைத்தார், புண்ணியவான். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டாள், உள்ளே போய்ப் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று என்னையே கேட்டார். அது சரி, குளிக்கிற அறைக்குக்கூடவா தாழ்ப்பாள் வேண்டாம் என்றேன். அதற்கு உன் அப்பா சொன்னது:

"பாட்டுப் பாடிக்கிட்டே குளிம்மா. உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சிடும்."

என் குரல் உனக்குத் தெரியும். விடுதியில் நான் வாயைத் திறந்தால் பக்கத்து அறைக்காரிகள் சுவரைத் தட்டுவார்கள். அப்படிப்பட்ட நான் தினமும் பாடிக்கொண்டே குளித்தேன். என் வீட்டுக்காரர் பாடமாட்டார், இருமுவார். ஒருமுறை என் நாத்தனார் வந்து தங்கினார். அவருக்குப் பாட்டும் வராது, இருமலும் வராது. தண்ணீர் நிறைந்த அண்டாவைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுக் குளித்தார். அண்டாவை நகர்த்தி நகர்த்தி இடுப்பு பிடித்துக்கொண்டது. "இது வீடா, இல்ல சத்திரமா? குடிவந்தவரு சொல்றத வீட்டுக்காரங்க கேக்கறீங்களேடி" என்று தன் தம்பிக்குக் கேட்கும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்தது. பொட்டலங்களைப் பிரித்து எல்லாத் தாழ்ப்பாள்களையும் திரும்ப மாட்டினார். மறுநாளே அவை பழையபடி பொட்டலத்துக்குள் போய்விட்டன. இவர் நேராக உன் அப்பாவிடம் போய், மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். உன் அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. சரி தம்பி என்றார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், சோப்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு கேஸ் குழாயில் கசிவு இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார். காலி செய்யச் சொன்னது வேறு யாரையோ என்பது போல.

இடையில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எந்த அறைக்குள் போவதானாலும் முதலில் கதவின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார். அந்தப் பக்கம் தீ இருந்தால் கதவு சொல்லிவிடுமாம். உன் வீட்டிலும் அப்படித்தானா? இதைப் பார்த்துப் பார்த்துப் பாப்பாவும் புறங்கையை வைத்த பிறகுதான் எந்தக் கதவையும் தள்ளுகிறாள். பீரோவைக்கூட விடுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் மதியம். இவர் வேலைக்குப் போயிருந்தார். பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ கருகுகிற நாற்றம். எங்கள் அடுப்புதான் என்று ஓடினேன். அது அணைந்துதான் இருந்தது. நடையில் வந்து பார்த்தால் உன் அப்பாவின் அறைக் கதவுக்கு அடியிலிருந்து புகை வருகிறது. அவர் வெளியே நிற்கிறார். கதவில் புறங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, எதையோ கேட்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உள்ள யாரு இருக்கா?"

யாரும் இல்லப்பா, அது உங்க ரூம்தானே என்றேன். அது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. சூடு ஏறவில்லை, திறக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போ என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் பாப்பாவை வாரிக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்று பார்த்தேன். மெயின் சுவிட்சை இறக்கினார், போர்வையை நனைத்தார், தரையோடு தரையாகக் குனிந்து உள்ளே போனார். அதில் ஒரு அசைவுகூடத் தப்பாக இல்லை. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் திறந்தது, புகை வெளியே வந்தது. அவரும் இருமிக்கொண்டே வந்தார்.

பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதே. கரண்ட் அடுப்பில் வெந்நீர் வைத்தவர் அதை மறந்துவிட்டு வெளியே வந்திருக்கிறார். தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகி, பக்கத்தில் கிடந்த துண்டில் பற்றிவிட்டது. அவருக்குப் புருவம் கொஞ்சம் பொசுங்கியது, அவ்வளவுதான்.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். குடித்துவிட்டு, கருகிய பாத்திரத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு கோபம்.

"அந்த ரூம்ல குடியிருக்கிறவரு எங்க போனாரும்மா? அடுப்ப அணைக்காம போற ஆளு. சின்னக் குழந்தை இருக்கிற வீடு இது. இப்படிப்பட்டவரையெல்லாம் வெச்சுக்காத, காலி பண்ணச் சொல்லிடு."

நான் சரிங்கப்பா என்றேன்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் போய், கரண்ட் அடுப்பை எடுத்து வந்து பரணில் போட்டார். மாதக் கடைசி என்று சொன்னதைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. இப்போது சாப்பாடு, வெந்நீர் எல்லாம் எங்கள் அடுப்படியிலிருந்துதான் போகிறது.

மறுநாள் காலையில் அவருக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது. அடுப்பு எங்கே என்று கேட்கவில்லை. பொசுங்கிய புருவத்தைத் தடவிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார். சின்னவளுக்கு எழுதாதேம்மா, அவள் ஏற்கெனவே என்மேல் கோபமாக இருக்கிறாள் என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு இதோ உனக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரேடியோ, மருமகனோடு சண்டை போட்டுவிட்டு உன் வீட்டிலிருந்து வீம்பாகக் கிளம்பி வந்துவிட்டார் என்றுதான் நீ என்னிடம் சொன்னாய். அங்கேயும் அடுப்பை அணைத்தாரா? தாழ்ப்பாளைக் கழற்றினாரா? அப்படியானால் அது வீம்பாக இருக்காது. ஊரையெல்லாம் நெருப்பிலிருந்து காப்பாற்றியவர் இப்போது தன்னிடமிருந்து நம்மைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் டாக்டர் இல்லை. இங்கே ஒரு டாக்டரிடம் கேட்டு நாள் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார வேண்டியது நான் இல்லை.

அவரை உடனே கூட்டிக்கொண்டு போ என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போகச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் நான் எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று உனக்குத் தெரியும். பரீட்சை எழுதும்போதே அறையைப் பூட்டினோமா என்று கவலைப்பட்டவள். இந்தச் சின்ன உயிரையும் வைத்துக்கொண்டு, அவரையும் வைத்துக்கொண்டு, எத்தனை நாள் தனியாகக் கண்விழித்துக் காவல் இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்றுவரை சின்னவள் என்றால் அவருக்கு நீதான். உன் பிள்ளைகளின் பிறந்தநாளைக்கூடச் சரியாகச் சொல்கிறார். நீ தள்ளிப் போட்டுப் போட்டு ஒருநாள் வந்து நிற்கும்போது, அறை பார்க்க வந்த யாரோ என்று நினைத்து, தாழ்ப்பாள் இல்லாத வீடும்மா இது, சம்மதமா என்று உன்னிடம் கேட்டுவிடக் கூடாது. அதற்குத்தான் பயப்படுகிறேன்.

பேனாவை வைத்துவிட்டு நடைக்குப் போய், அவர் கதவில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். தினமும் இப்போது அப்படித்தான். கதவு சூடாக இல்லை. உன் அப்பா கணக்கில், இன்னும் திறக்கலாம் என்று அர்த்தம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் வா.

என்றும் உன்,
சோடாபுட்டி