ஒரே நாளில் வளர்ந்த மூன்று விரல்

நீ கடைசியாக ஓட்டிய லாரியின் முன்பக்க இடது ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஓர் இரும்புத் துண்டு செருகப்பட்டிருந்தது. மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து அதை மறைத்திருந்தார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் நேற்று மாலை கையெழுத்திட்ட குறிப்பில் இது இருக்கிறது. துண்டைக் கழற்றும்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன். கழற்றியதும் லாரியின் இடது பக்கம் இறங்கியது. அவர் டேப்பை எடுத்தார், நான் உன் கம்பை எடுத்தேன். சரியாக நீ கத்தியால் போட்ட கீறலில் வந்து நின்றது.

அந்த மூங்கில் கம்பு இதை எழுதும்போது என் மேசைமேல் கிடக்கிறது. கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. நீ அதை வெட்டிய மத்தியானம் நினைவிருக்கிறது.

உனக்கு முன்னால் அந்த லாரியை ஓட்டியவர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இடது மூலையை மோதியிருந்தார். பட்டறையில் பல வாரம் கிடந்து புதுப் பெயின்டோடு உன் கைக்கு வந்தது. அன்றைக்கே எனக்குப் போன் செய்தாய்.

“மக்கா, வண்டி ஒரு தோள எறக்கிட்டு நிக்கி. வந்து பாரு.”

வந்து பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. “லோடு ஏறுனா சரியாயிரும்” என்றார் பட்டறை மேஸ்திரி. நீ அவரோடு வாதாடவில்லை. பட்டறைத் தரை ஓடைப் பக்கம் சரிவு, அங்கே அளந்தால் எந்த வண்டியும் கோணல்தான் என்று சொல்லிவிட்டு, தோவாளைக்கு இந்தப் பக்கம் இருக்கிற சிமென்ட் நெல் களத்துக்கு லாரியைக் கொண்டுபோனாய். ஒரு பாட்டில் தண்ணீரைத் தரையில் ஊற்றினாய். அது எந்தப் பக்கமும் ஓடாமல் நின்ற பிறகுதான் டயர்களில் காற்று ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்தாய். பிறகு வலது பக்கம் ஆக்சிலுக்கும், வண்டியைத் தாங்கும் சேசிஸ் சட்டத்துக்கும் இடையே உள்ள உயரத்துக்குக் கம்பை வெட்டினாய். அதே கம்பு இடது பக்கம் நுழையவில்லை. எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக் கீறல் போட்டாய். மூன்று விரல்.

“எழுதிக்கோ. ஊர்ல உள்ளது எல்லாத்தயும் எழுதுவே, ஒண்ணயும் நம்ப மாட்டே. இதயாவது நம்புலே.”

எழுதிக்கொண்டேன். நீ மேஸ்திரியிடம் போய், இரண்டு பக்கத்துப் பட்டைகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னாய். சரிவும் கூடவே மாறினால் பட்டையில் கோளாறு, இடது பக்கமே நின்றால் சேசிஸில் கோளாறு. அவர் “சரி, சரி” என்றார். வெளியே வரும்போது, இடது பட்டையில் யாரும் பார்க்காமல் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்திருப்பதாகச் சொன்னாய். எதற்கு என்று கேட்டேன்.

“ஒருதடவ சரின்னா செய்வாரு. ரெண்டுதடவ சொன்னாருல்லா?”

மறுநாளே வண்டி தயார் என்று தகவல் வந்தது. அதே களம், அதே கம்பு. இந்த முறை இரண்டு பக்கமும் சமமாக நின்றது. கூடவே வந்திருந்த மேஸ்திரி, “பாத்தீங்களா, மாத்திப் போட்டோம், சரியாயிட்டு” என்று கைதுடைத்தார். நீ குனிந்து பார்த்தாய். வெள்ளைப் பொட்டு இடது பக்கமே இருந்தது.

“ஒரு நாளுல மூணு வெரலு எங்கேருந்து ஓய் வளந்துது? மொளைக்கதுக்கு இது என்ன பயறா?”

அது பெயின்ட் சிந்திய கறை என்றார் அவர். நான் உன்னைப் பார்த்தேன், கம்பைப் பார்த்தேன். அளந்ததை எழுதுவதுதான் நிருபனான என் தொழில். ‘இரு பக்கமும் சமம்’ என்று எழுதி நோட்டை மூடினேன். மேஸ்திரி போன பிறகு நீ மெதுவாகச் சொன்னாய்: “கோணலா நின்னப்போ அதுக்கு என்ன நோவுன்னு தெரிஞ்சுது. இப்ப நேரா நிக்கத பாத்தாத்தான் மக்கா பயமா இருக்கு.”

அந்தப் பயத்தை நான் எழுதவில்லை. உன் சந்தேகத்தைத்தான் சந்தேகப்பட்டேன். லோடு எடு, இல்லையென்றால் சாவியைக் கொடு என்றார் முதலாளி. மெதுவாக ஓட்டிப் பார்க்கிறேன் என்று நீ எடுத்தாய்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, நேராகக் கிடக்கும் குளக்கரைச் சாலையில், செங்கல் லோடோடு லாரி இடது பக்கம் திரும்பித் தண்ணீருக்குள் போனது. உன்னை வெளியே எடுக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. ‘ஓட்டுநர் உறங்கியதால்’ என்றது போலீஸின் முதல் அறிக்கை. எங்கள் பத்திரிகையிலும் அப்படியே வந்தது. அதை எழுதியது நானல்ல. ஆனால் நான் தடுக்கவும் இல்லை.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து உன் மனைவி இந்தக் கம்போடு வந்தாள். வீட்டுக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாயாம்.

“அவிய வண்டியில ஒறங்க மாட்டாவ அண்ணாச்சி. வீட்லயே ஒறங்க மாட்டாவ, எந்திச்சு எந்திச்சு வண்டியப் போய்ப் பாப்பாவ. ஒறங்குனாவன்னு பேப்பர்ல போட்டுட்டியளே. அந்த ஒரு வார்த்தைய எடுத்துத் தாங்க, வேற ஒண்ணும் வேண்டாம்.”

நோட்டையும் கம்பையும் வைத்து இரண்டாவது ஆய்வு கேட்டு மனு எழுதிக்கொடுத்தோம். அதன்பேரில்தான் நேற்றைய ஆய்வு.

அதே குறிப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. இடது பக்கச் சேசிஸில், பற்றவைத்துப் பெயின்டால் மூடிய பழைய வெடிப்பு ஒன்று இருந்திருக்கிறது. இப்போது அது வாய் பிளந்து கிடக்கிறது. வெடிப்பு முதலில் பிளந்து வண்டியை இழுத்ததா, குளத்தில் விழுந்த அடியில் பிளந்ததா என்பதை ஆய்வாளர் சொல்லவில்லை. தெரியாத வரை நானும் சொல்லமாட்டேன். இரும்புத் துண்டைப் பற்றி மேஸ்திரியிடம் இன்று கேட்டேன். “உங்க ஆளு கேட்டுதான் சார் வெச்சோம்” என்றார். நீ கேட்டது வேறு என்று சொன்னேன். “சரி, சரி” என்றார். இரண்டு தடவை.

வெடிப்பைப் பற்றிய நிபுணர் அறிக்கை வியாழக்கிழமை வரும் என்கிறார்கள். அதுவரை லாரி காவல் நிலையத்தை ஒட்டிய திறந்த வெளியில் நிற்கிறது. கேட் இருக்கிறது, பூட்டு இல்லை. தினமும் காலையில் கம்போடு போக முடிவு செய்திருக்கிறேன். இன்று போனேன். தண்ணீர் ஊற்றி, தரை சமமில்லை என்று குறித்துக்கொண்டேன். டயர்க் காற்றைப் பார்த்தேன். பிறகு இடது பக்கம் கம்பை வைத்தேன். கீறலிலேயே நின்றது, எதுவும் வளரவில்லை.

‘உறங்கியதால்’ என்ற வார்த்தை மட்டும் அறிக்கையில் இன்னும் இருக்கிறது. வியாழன் வரை.