வயருக்குக் கழிச்சாச்சா?

மதினி,

இன்று காலை கடைக்குப் புது மவுஸ் ஒன்று வந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர்களுக்கென்றே செய்ததாம். பெட்டியில் 'எடை அறுபத்து மூன்று கிராம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே என் வாய் கேட்டுவிட்டது: "வயருக்குக் கழிச்சாச்சா?" போட்டோகொப்பி எடுக்க வந்திருந்த இரண்டு பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கேள்வி உங்களுடையது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? தனியாக நின்று சிரித்துவிட்டு, உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்களும் முதன்முதலில் கஹவத்தை பசாரில் இருக்கும் இந்தக் கடைக்கு அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுக்கத்தான் வந்தீர்கள். கூட்டமாக இருந்ததால் மூன்றாம் மேசையில் உட்கார வைத்தேன். யாரோ பாதியில் விட்டுப்போன ஒரு விளையாட்டு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. வட்டம் வட்டமாக முளைக்கும், மறைவதற்குள் அம்புக்குறியைக் கொண்டுபோய் அமுக்க வேண்டும். மவுஸ் மட்டும் போதும். திரும்பிப் பார்க்கிறேன், என் அண்ணன் பொண்டாட்டி, காலையில் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த மனுஷி, வட்டங்களைப் பறித்துக்கொண்டிருக்கிறார். "இது கொழுந்து மாதிரித்தானே முளைக்குது" என்றீர்கள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை.

இரத்தினபுரியில் புதிதாகத் திறந்த ஒரு கடையில் அதே விளையாட்டில் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு ஒரு கம்ப்யூட்டர். உங்கள் முகத்தில் அன்றைக்கு வந்த ஆசையை நான் மறக்கவில்லை.

"பிள்ளைகளுக்காகவா மதினி?"

"எனக்குத்தான். அவுங்களுக்கு அத்தை கடை இருக்கே."

அவரவர் மவுஸைக் கொண்டுவரலாம் என்றிருந்தார்கள். அது போதாதா எனக்கு? மவுஸ் விற்கிறவள் என்ற தலைக்கனத்தில், கடையிலேயே விலை கூடியதை எடுத்து உங்கள் முன் வைத்தேன். வண்ண விளக்கு மாறி மாறி எரியும், கட்டை விரலுக்கென்று தனியாகக் குழி இருக்கும். வெடித்த விரலுக்குச் சுற்றியிருந்த பிளாஸ்டரோடு அதைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"இது என் கையைப் புடிச்சி வச்சிக்கிது நாத்தனா. நான்தானே இதைப் புடிக்கணும்?"

கொழுந்து பறித்துப் பறித்து உங்களுக்கு வலது மணிக்கட்டில் எப்போதும் வலி, அடுத்து இடது கைக்கு மாற்றினீர்கள். குழி தப்பான பக்கம் வந்தது, மவுஸ் கையில் உட்காரவில்லை. "ஒத்தக் கையில யாராச்சும் கொழுந்து பறிப்பாங்களா?" என்று கேட்டீர்கள். விழுந்து விழுந்து சிரித்தேன். எடையைப் படித்துக் காட்டியபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று தினமும் கழிவு பார்க்கிறவர் நீங்கள். பக்கத்துக் கடை மாணிக்கக்கல் முதலாளியின் தராசில் வயரோடு வைத்துப் பார்த்தோம். பெட்டியில் போட்டிருந்ததைவிட அரைப் பங்கு கூட இருந்தது. "அங்க எங்ககிட்ட கழிக்கிறாங்க. இங்க அவுங்களே கழிச்சிக்கிறாங்க" என்று நீங்கள் சொன்னதை நான் சிங்களத்தில் சொன்னதும் முதலாளி தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மூலையில் கிடந்த ஒரு சாதாரணக் கறுப்பு மவுஸைத்தான் உங்களுக்குப் பிடித்தது. விளக்கு கிடையாது, குழி கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே வாட்டம். செடிக்குச் செடி கையைத் தூக்கி வைக்கிற பழக்கத்தில் மவுஸையும் நீங்கள் தூக்கித் தூக்கி வைப்பீர்கள். விலை கூடியதைத் தூக்கினால் அம்புக்குறி எங்கேயோ ஓடியது. கறுப்பில் வைத்த இடத்திலேயே நின்றது. இவ்வளவையும் என் கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகும், "சும்மாவா மதினி இதுக்கு மூணு மடங்கு விலை?" என்று பிடிவாதம் பிடித்தேன். என் மனம் நோகக் கூடாதென்று நீங்கள் சரி என்றீர்கள்.

போட்டி மேசையில் இருந்த பையன் உங்களைப் பார்த்து, "அக்கே, லமயாத செல்லங் கரன்னே?" என்று கேட்டான், பிள்ளையா விளையாடப் போகிறது என்று. "நே மல்லி, மம தமய்" என்று, நான்தான் தம்பி என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.

ஒவ்வொரு நிமிடமாக இரண்டு சுற்று. இரண்டையும் கூட்டித்தான் பரிசு. முதல் சுற்றில் அம்புக்குறி ஓடியது. மணிக்கட்டு வலியில் நீங்கள் உதட்டைக் கடிப்பதை நான் பார்த்தேன். ஏழாவது இடம். என் முகம் செத்துவிட்டது. நீங்கள் பேக்கைத் திறந்து, துவாயில் சுற்றியிருந்த கறுப்பு மவுஸை வெளியே எடுத்தீர்கள்.

"கோவிச்சிக்காதீங்க. சொல்லாமத்தான் எடுத்தாந்தேன்."

இரண்டாவது சுற்றில் பாதி நிமிடம் வலது கை. பிறகு மவுஸைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தீர்கள், மீதி இடது கை. அந்தச் சுற்றில் உங்களைத் தொட ஆளில்லை. ஆனால் இரண்டையும் கூட்டியபோது, இரண்டே வட்டத்தில் கம்ப்யூட்டர் கைவிட்டுப் போனது. இரண்டாம் பரிசு என்று அவர்கள் தந்த பெட்டியைப் பார்த்ததும் நீங்கள் மேடையிலேயே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினீர்கள். அதே வண்ண விளக்கு மவுஸ்.

திரும்பும் பஸ்ஸில், "என்னாலதான் போச்சு மதினி" என்று அழுதேன். "பரிசு வாங்கிட்டு வர்றப்ப யாராச்சும் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்குவாங்களா? பெல்மதுளையில வடை வாங்கிக் குடுங்க, சரியாயிரும்" என்றீர்கள். நாலு வடை தின்றீர்கள். நானும்தான்.

கடையில் கிடந்த பழைய பாகங்களைச் சேர்த்து நான் பூட்டிய கம்ப்யூட்டர் அடுத்த மாதம் திரீவீலரில் உங்கள் லயத்து வீட்டுக்கு வந்தது. அதில் விளையாடக் கறுப்பு மவுஸ். பரிசு மவுஸ் சாமிப் படத்துக்கு முன்னால். கம்ப்யூட்டரைப் போட்டால் முருகனுக்குச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்கு எரியும். "வெளக்குக்கு நல்ல சாமான்" என்று ஊரெல்லாம் அதற்குச் சிபாரிசு செய்தீர்கள்.

நீங்கள் போய் வருடம் ஒன்றாகிறது. அண்ணன் இன்னும் அந்த விளக்கைப் போடுகிறார், இப்போது பக்கத்தில் உங்கள் படமும் இருக்கிறது. கறுப்பு மவுஸை என்னிடம் தந்துவிட்டார். எல்லா மவுஸிலும் இடது பட்டன்தான் தேயும். இடது கையில் பிடிக்கும்போது நீங்கள் வலது பட்டனை அமுக்குவீர்கள், அதனால் உங்களுடையதில் இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றன. அதை மூன்றாம் மேசையில் வைத்திருக்கிறேன்.

கடையில் விற்கும் ஒவ்வொரு மவுஸிலும் வயரோடு எத்தனை கிராம், இரண்டு கைக்கும் ஆகுமா என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுகிறேன். ஒட்டுவதற்கு முன் கண்ணை மூடிப் பிடித்துப் பார்ப்பேன், தூக்கி வைத்துப் பார்ப்பேன். கடைசியாக ஒரு நிமிடம் வட்டம் பறிப்பேன். இன்று வந்தது நல்ல சாமான், உங்களுக்குப் பிடித்திருக்கும்.

பாதி நிமிடத்தில் கை மாற்றினேன், மதினி. எனக்கு வலது கை வலிக்கவே இல்லை.